நாலு ஓட்டை ரப்பரும் கரண்ட்டக்காவும்

"வியாழன். ரப்பர் கிடைக்கவில்லை. கரண்ட்டக்கா இன்று யாரையும் திட்டவில்லை. கவலையாக இருக்கிறது."

என் நாட்குறிப்பில், ஒரு வைகாசி மாதப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. அது புதன்கிழமை என்று எங்கள் தெருவில் சிலர் இன்றும் சாதிக்கிறார்கள். தவறு. புதன்கிழமை மெஷின் நின்றது. வியாழக்கிழமை நாங்கள் ரப்பர் தேடி அலைந்தோம். இரண்டையும் ஒன்றாக்குவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கட்சிப் பேச்சாளர் முதல் கல்யாண மாப்பிள்ளை வரை, மைக் பிடித்த அத்தனை பேரையும் பாதி வாக்கியத்தில் உட்கார வைத்த ஒரே மனிதர் கரண்ட்டக்கா. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் காலத்து மாவட்டக் கையேடுகள் வரை புரட்டிப் பார்த்துவிட்டேன். இந்தப் பகுதியை ஆண்டவர்களில் எவருக்கும் இப்படி ஓர் அதிகாரம் இருந்ததாகக் குறிப்பில்லை.

அவருடைய உண்மைப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு என்று எங்கே கரண்ட் தேவைப்பட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, இடது தோளில் வயர் சுருள், கூடவே ஒரு பழைய கை ஜெனரேட்டர். சிவப்பு டேங்க், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் ரகம். பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். இரண்டு பேர் தூக்கினால் எங்கே வேண்டுமானாலும் போகும். அது அவர் கைக்கு எப்படி வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கணவர் வாங்கிப் போட்டது என்கிறது ஒரு தரப்பு. சீட்டுக் குலுக்கலில் விழுந்தது என்கிறது இன்னொரு தரப்பு. அவரையே கேட்டால், "வந்துச்சு" என்பார்.

மற்ற ஜெனரேட்டர்காரர்கள் மெஷினை ஓடவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கரண்ட்டக்கா போகமாட்டார். மெஷின் பக்கத்தில் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மேடையில் நடப்பதை முழுக்கக் கேட்பார். கேட்டுவிட்டு, மெஷினை நிறுத்தித் தீர்ப்பும் சொல்வார்.

ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைப் பிடித்து, "பொண்ணு வூட்ல ஒரு கார் எடுத்துத் தர்றதா ஆசைப்படறாங்க, நாங்க வாணாம்னு சொல்லல" என்று தொடங்கினார். குழல் விளக்கு மங்கியது. அவர் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கி, 'கலரு' என்ற சொல்லோடு முடிந்தது. காரைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. ஒரு காதுகுத்தில் தாய்மாமன் பாட்டுப் பாடினார். பல்லவி முடியும் முன்பே இருட்டு. ஒரு திறப்பு விழாவில் தலைவர், "நான் சுருக்கமாகச் சொல்கிறேன்" என்று நான்காவது முறை சொன்னபோது அக்காவே சுருக்கிவிட்டார். பிற்காலத்தில் மெஷினைத் தொடவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. அவர் டின்னிலிருந்து லேசாக எழுந்தாலே, மேடையில் இருப்பவர் "இறுதியாக" என்று சொல்லிவிடுவார்.

இதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மெஷினில் நிறுத்துவதற்கு ஸ்விட்ச் உண்டு. தட்டினால் அந்தக் கணமே நின்றுவிடும். அதை அவர் தொட்டதே இல்லை. எண்ணெய் போகிற குழாய்க்கு ஒரு லீவர் இருக்கிறது. ஒரு பக்கம் பெட்ரோல், ஒரு பக்கம் மண்ணெண்ணெய், நடுவில் அடைப்பு. அந்த லீவரைத்தான் திருப்புவார். உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெயில் மெஷின் கொஞ்ச நேரம் ஓடி, திக்கி, மெதுவாக அடங்கும்.

"ஸ்விட்ச் இருக்கே அக்கா, அதைத் தட்டினால் ஆயிற்றே" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது மரியாத இல்லப்பா. பேசிக்கினு இருக்கறவர சட்டுனு வாயப் பொத்தலாமா? இதுன்னா லைட்டு மங்கும், கொரலு கம்மும். அவருக்கே புரியும். மானஸ்தனா இருந்தா அதுக்குள்ள வணக்கம் சொல்லிருவாரு."

அந்த வைகாசியில், முகூர்த்தங்களுக்கு நடுவே, கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் அவரைத் தேடி வந்தார். பெயர் சடையன். கையில் ஒரு பலாப்பழம். நான் அப்போது அக்கா வீட்டு வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சடையனுக்குப் பேச்சு தடைபட்டுத் தடைபட்டுத்தான் வரும். அந்தத் தடைகளை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

"வெள்ளிமலைக்கு அந்தாண்ட எங்க ஊருக்கா. பொண்ணுக்குக் கல்யாணம். வர்ற ஞாயித்துக்கெழம காலைல. ஒரு காத்தடிச்சா எங்கூர்ல கரண்ட்டு போயிரும். வேன் வர்றதுக்கு ரோடு இல்ல. ஒங்க மெஷினுன்னா கம்புல கட்டித் தூக்கிக்கினு போயிரலாம்."

"வரேம்ப்பா. மைக்கு?"

"மைக்கு எம் மச்சான் பாத்துக்கறாரு."

பேச்சு முடிந்தது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் இன்னா?"

"நான் பேசணும்."

"பேசு. யாரு வாணாம்னது?"

"நீங்க அணைச்சிருவீங்கன்றாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

"எனக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரமாவும்க்கா. அதனால எல்லா எடத்துலயும் மச்சானே பேசிருவாரு. எம்பொண்ணு பேரு, இந்தாங்க, இந்தக் கல்யாணப் பத்திரிகைல இருக்குது. அவரு வெச்ச பேருதான். அந்தப் பேர நான் ஒரு நாளும் சொன்னதில்ல, வாயில வரல. பாப்பா பாப்பான்னே கூப்புட்டுட்டேன். போற அன்னிக்காவது, நாலு பேரு எதுர்ல, ஒருக்கா முழுசா சொல்லணும்."

"பிரிய... இன்னாது? எனக்கே நுழையல. எங்கெருந்து புடிச்சாரு ஒம் மச்சான்?" என்று பத்திரிகையில் பிரியதர்ஷினி என்ற பெயரைப் பார்த்து எரிந்து விழுந்தார் அக்கா. பிறகு பலாப்பழத்தைத் தன் பக்கம் உருட்டிக்கொண்டார். "நீ பேசி முடிச்சு மைக்க கீழ வெக்கற வரிக்கும் என் மெஷினு நிக்காது. போ. போய் பந்தல் வேலையப் பாரு."

ஒரு பேச்சாளருக்கு அவர் கொடுத்த முதல் வாக்கு அதுதான்.

புதன்கிழமை ஓட்டிப் பார்த்தபோது மெஷின் ஒரு டம்ளர் பால் காயும் நேரம்கூட ஓடவில்லை. கறுப்பாகப் புகைந்தது, இருமியது, நின்றது. மெக்கானிக் சேகர் வந்து லீவரைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு ரப்பர் வில்லையை எடுத்துக் காட்டினார். ஒரு ரூபாய் நாணயம் அளவு. அதில் நாலு ஓட்டை இருக்கவேண்டும். தேய்ந்து போய், நாலும் சேர்ந்து ஒரே ஓட்டையாக இருந்தது.

"பெட்ரோலும் மண்ணெண்ணையும் உள்ளயே கலக்குதுக்கா. நிக்காம இன்னா பண்ணும்? இந்த ரப்பரு ஆயுசுக்கும் தேயாது. இன்னாதான் பண்றீங்க இத?"

"அணைப்பேன்."

"எத்தினி தடவ?"

"எத்தினி பேரு பேசறான்னு பொறுத்து."

"ஊர்ல பேசனவன் வயித்தெரிச்சல் பூராவும் இதுல எறங்கியிருக்குது" என்றார் சேகர். "வேற ரப்பர வெட்டிப் போடலாம், ஆனா ஓட்ட ஒரு நூலு தள்ளிப்போனாலும் ஒழுவும். கம்பெனி சாமானே வேணும்."

வியாழக்கிழமை என் மொபெட்டில் இருவரும் கிளம்பினோம். துருகம் சாலையில் முதல் கடைக்காரர் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னா, சட்டப் பட்டனா?" என்று கேட்டார். இரண்டாவது கடையில், "இந்த மாடலே நின்னு போச்சும்மா, புது மெஷினு எடுத்துக்கோங்க" என்றார்கள். மூன்றாவது கடையில் ஓர் இளைஞர் அதைச் செல்போனில் படம் பிடித்து எங்கெங்கோ அனுப்பினார். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கட்டைவிரலை உயர்த்திப் பதில் அனுப்பினார். இருக்கிறது என்று அர்த்தமா, படம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா என்பது கடைசிவரை விளங்கவில்லை. தியாகதுருகத்துப் பழைய இரும்புக் கடையில் இதே போன்ற மெஷின் ஒன்று கிடந்தது. ஆசையாகப் போய்ப் பார்த்தோம். லீவர் இருந்த இடத்தில் ஓணான் குடியிருந்தது.

அக்கா ஒரு கடைக்காரரிடமும் சண்டை போடவில்லை. அன்று இரவு எழுதியதுதான் மேலே கண்ட குறிப்பு.

வெள்ளிக்கிழமை காலை சேகர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஒரு எடத்துல இருக்குதுக்கா. ஆனா நீங்க போவமாட்டீங்க."

"எங்க?"

"பேரிங் கடைல. முன்ன அவருதான் இந்த மெஷினுக்கு ஏஜென்சி எடுத்திருந்தாரு."

"ஏன் போவமாட்டேன்?"

"பஸ்ஸு" என்றார் சேகர்.

இதை விளக்கவேண்டும். சில வருடங்களுக்கு முன் பேரிங் கடைக்காரர் தம் மகனின் வரவேற்பில் தாம் முன்னேறிய கதையைச் சொல்லத் தொடங்கினார். பதினேழு வயதில், ஆத்தூரில், உடுத்திய துணியோடு கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறுகிறார். ஜன்னலோர சீட். பக்கத்தில் ஒரு பெரியவர். பெரியவர் பையில் முறுக்கு. முறுக்கின் வகை. பந்தி ஆறிக்கொண்டிருந்தது. அக்கா லீவரைத் திருப்பினார். "பஸ்ஸு தலைவாசல் தாண்டிச்சு..." என்பதோடு விளக்கு அணைந்தது. அன்று முதல் ஊரில் அவரைப் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, "அண்ணாச்சி, பஸ்ஸு வந்து சேந்துச்சா?" பேரிங் வாங்க வருபவர்களும் கேட்டார்கள். கோயிலில் விபூதி கொடுத்தவரும் கேட்டார்.

அக்கா புடவையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார். 

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரப்பரை வாங்கிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு வந்து, அதிலிருந்து பாக்கெட் பிரிக்காத ரப்பர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து, அதன்மேல் தம் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"தரேன். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க."

"பஸ்ஸு இன்னும் தலைவாசல்ல நின்னுக்கினு கீது."

அக்கா சுற்றிலும் பார்த்தார். ஒரு கிரீஸ் டின்னை இழுத்துக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "ஓட்டுங்க" என்றார்.

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார். பஸ் சின்னசேலத்தில் நின்றது. டயர் பஞ்சரானது. பெரியவர் இறங்கிப் போய்விட்டார், முறுக்கோடு. கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது மழை. கடையில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். டிராக்டருக்கு பேரிங் வாங்க வந்த ஒரு விவசாயி, எதற்கென்று தெரியாமலே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அக்காவின் வலது கை இரண்டு முறை தானாக லீவர் இருக்கவேண்டிய இடத்துக்குப் போனது. இரண்டு முறையும் இடது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் கதை கடை வைத்த வருடத்துக்கு வந்தது. "மொத மூணு வருஷம் யாவாரமே இல்ல. கடைய மூடிட்டு ஆத்தூருக்கே போயிரலாம்னு நான் சொன்னேன். இவதான், இன்னும் ஒரு மாசம் பாக்கலாம், இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்னு சொல்லிச் சொல்லி என்ன உக்கார வெச்சா. இந்தக் கடை அவ கடை. இத சபையில சொல்லணும்னுதான் அன்னிக்கு மைக்கப் புடிச்சேன்."

உள் வாசலில் அவர் மனைவி டீத் தட்டோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. டீயில் ஆடை படிந்திருந்தது.

"இத மொதல்லயே சொல்லிட்டு அப்புறம் பஸ்ஸுல ஏறக்கூடாதா?" என்றார் அந்த அம்மா. குரல்தான் கோபமாக இருந்தது.

ரப்பரோடு மொபெட்டில் திரும்பினோம். பேருந்து நிலையம் தாண்டியதும் அக்கா பின்சீட்டிலிருந்து கேட்டார்: "ஏம்ப்பா, நான் அணைச்சதுல இன்னும் எத்தினி பேரு பஸ்ஸுலயே உக்காந்துக்கினு கீறாங்களோ?"



புது ரப்பர் கச்சிதமாகப் பொருந்தியது. சனிக்கிழமை மதியம் ஜெனரேட்டரை வெள்ளிமலை பஸ்ஸின் பின்படி அருகே ஏற்றினோம். "ஒழுவுமாக்கா?" என்று நடத்துநர் கேட்டார். "நீ ஒழுவாம இரு" என்றார் அக்கா. பழைய உற்சாகம் திரும்பிவிட்டது. ரோடு முடிந்த இடத்தில் சடையனின் ஆட்கள் கம்போடு காத்திருந்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரை எழுதவில்லை.

அன்றிரவே காற்றடித்து, எங்கேயோ மரம் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. ஞாயிறு காலை அக்கா கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார். மெஷின் பிடித்துக்கொண்டது. ஆனால் அதை அவர் வைத்த இடம்தான் பிரச்சினை. மைக் இருக்கும் இடத்தில் ஜெனரேட்டரைத் தூரமாக, வீட்டுக்குப் பின்னாலோ மரத்தடியிலோ வைப்பதுதான் வழக்கம். அன்று அவர் பந்தல் காலை ஒட்டியே வைத்துவிட்டார். தடதடவென்று அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. மண்ணெண்ணெய்ப் புகை மாப்பிள்ளை வீட்டார் முகத்துக்கு நேராகப் போனது.

"அந்தாண்ட பலா மரத்தாண்ட வெய்ங்கக்கா! ஒரு எழவும் கேக்கல!" என்று கத்தினார் மைக்செட்காரர்.

"வயரு பத்தலப்பா" என்று பதிலுக்குக் கத்தினார் அக்கா.

தாலி கட்டி முடிந்ததும் சடையன் மைக்கை வாங்கினார். "வந்திருக்கற எல்லாருக்கும்" என்று தொடங்கி, 'வணக்கம்' என்ற சொல்லில் நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. சொல் வரவில்லை. மைக்செட்காரர் ஒலியைக் கூட்டினார், குறைத்தார். மச்சான் எழுந்து, சிரித்த முகத்தோடு மைக்குக்காகக் கையை நீட்டினார்.

"யோவ், மச்சான்! குந்து!" பந்தல் காலடியிலிருந்து வந்த அந்தக் குரல் ஜெனரேட்டரையும் மீறிக் கேட்டது. மச்சான் உட்கார்ந்தார்.

வணக்கம் வந்தது. அடுத்த சொல் வந்தது. இடையிடையே அவர் நின்ற இடங்களிலெல்லாம் மெஷின் தடதடத்துக்கொண்டே இருந்தது. பின்வரிசையில் யாராவது சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது. சிரித்திருந்தாலும் கேட்டிருக்காது. அவருக்கும் கேட்டிருக்காது. நடுவில் திடீரென்று கம்பத்து விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. மைக்செட்காரர் மாற்றிப் போட ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனார். மாற்றும்போது ஒரு நொடி மைக் சாகும். 

"தொட்ட, கையி இருக்காது" என்றார் அக்கா. அவர் இரண்டு கையும் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தன.

"எம்பொண்ணு" என்றார் சடையன். நின்றார். மறுபடியும், "எம்பொண்ணு." கண்ணை மூடிக்கொண்டார். பந்தியில் இலை போடுகிறவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். மெஷின் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"பிரியதர்ஷினி."

முழுசாக, ஒரே மூச்சில் வந்தது.

மாலையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் சட்டென்று தலையைத் தூக்கி, "இன்னாப்பா?" என்றது. கூப்பிட்டதாக நினைத்துவிட்டது.

சடையன் மைக்கைக் கீழே வைத்தார். சாப்பிட வாருங்கள் என்று கையைத்தான் காட்டினார். அதன் பிறகு அக்கா லீவரைத் திருப்பினார். மெஷின் கொஞ்ச நேரம் ஓடி, திக்கி, மெதுவாக அடங்கியது.

சாப்பாடு முடிந்து எல்லாவற்றையும் கட்டும்போது மைக்செட்காரர் என்னைத் தனியே அழைத்தார். "சார், அக்கா பையில இன்னொரு வயரு சுருளு கெடக்குது. பிரிக்கவே இல்ல. பத்தலன்னாங்களே?"

பஸ்ஸில் அக்காவிடம் கேட்டேன்.

"அது பழைய வயரு. நடுவுல அறுந்தது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். தூங்கும் முன் பையை என்னிடம் கொடுத்திருந்தார். மலை இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சி வந்து சேரும்வரை அது என் மடியில்தான் இருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை. ஆகவே, அந்த ஞாயிற்றுக்கிழமை வயர் உண்மையிலேயே பற்றாமல்தான் போனதா என்பது மட்டும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.